வளர்பிறை கிளப்பும் ஒரு வெள்ளைப் பூசணியும்

ஐயா, கொஞ்சம் நகந்துக்கிடுதீங்களா? இந்தப் பையை நமக்கு நடுவுல வச்சுக்கிடுதேன். உருண்டு கீழ விழுந்துட்டா வம்பு, உங்க காலு வேற கட்டுப் போட்டு நீட்டிக்கிட்டு இருக்கு. ஒண்ணுமில்ல, பூசணிக்காய்தான். வெள்ளைப் பூசணி. வைத்தியர் மருந்துக்குக் கேட்டாருன்னு நினைச்சிராதீங்க. அது வேற கதை.

உங்களுக்குக் கால்ல என்ன? மாடிப்படியில வழுக்கிட்டீங்களா. எண்ணெய் கொட்டிக் கிடந்துச்சாக்கும். யாரு கொட்டினது? வீட்டம்மாவா? வேணும்னு கொட்டியிருக்க மாட்டாக. கை தவறியிருக்கும். நீங்க கோவிச்சுக்கிடலையே அவுகளை? இல்லையா? உடனே சொல்லிட்டாகளா, நான்தான் கொட்டுனேன்னு? ம். நல்லது. நல்ல மனசு உங்க ரெண்டு பேருக்கும்.

எனக்கு ஒண்ணுமில்ல ஐயா, நான் துணைக்கு வந்திருக்கேன். உள்ள கட்டுப் பிரிச்சுக்கிட்டு இருக்கானே ஒரு பையன், காளிராஜ்ன்னு, அவன்கூட. அவன் அம்மா பேச்சியம்மாளும் உள்ளதான் நிக்காக. காறை எலும்பு முறிஞ்சுபோச்சு பயலுக்கு. இன்னைக்குக் கடைசிக் கட்டைப் பிரிக்கணும்னு சொன்னாக. கோவில்பட்டிக்குத் தெக்க எங்க ஊரு. ஹாக்கி பாப்பீங்களா? எங்க பக்கம் வந்து பாருங்க, கிரிக்கெட்டு பேட்டைத் தூக்கிக்கிட்டு ஒரு பய தெருவுல நடக்க மாட்டான். நடந்து பழகுன பிள்ளை கையில ஹாக்கி ஸ்டிக்கைத்தான் குடுப்போம். 'வளர்பிறை ஹாக்கி கிளப்பு'ன்னு எங்க டீமு. நான் பூவலிங்கம். அந்தக் கிளப்புக்கு இப்ப செயலாளர்.

இப்பன்னா, போன மாசத்துல இருந்து. அதுக்கு முன்ன நான் வெறும் ரசிகன்தான். மைதானத்துக்கு எதுத்தாப்புல பஞ்சர் கடை வச்சிருக்கேன். கடை வாசல்ல பழைய டயரு அடுக்கிக் கிடக்கும். சாயங்காலமானா ஆளுக்கு ஒரு டயர்ல உக்காந்துக்கிட்டு மேட்ச்சைப் பத்திப் பேசுவோம். ஊர்ல எங்களுக்கு டயர் கமிட்டின்னே பேரு. டீமுல யாரைச் சேக்கணும், யாரை வெளிய உக்கார வைக்கணும், எல்லாம் நாங்க முடிவு பண்ணிருவோம். என்ன, யாரும் கேக்க மாட்டாக.

போன வருஷம் மூணு கப்பு ஜெயிச்சோம் ஐயா. இந்த வருஷம் தொட்டதெல்லாம் தோல்வி. பெனால்டி கார்னரு கிடைச்சா பந்து வேலிக்கு வெளிய போகுது. எதிர் டீமுக்காரன் அசந்து தூங்கினாக்கூட நம்ம பயலுக அவனை எழுப்பிக் கோல் போடச் சொல்லுவானுக போல இருக்கு. வளர்பிறைன்னு பேரு வச்சுக்கிட்டுத் தேஞ்சுக்கிட்டே போகுது. போதாததுக்கு அடி மேல அடி. கோல் கீப்பருக்கு விரலு. ஃபுல் பேக் ஆடுற அருளுக்கு முட்டி. இன்னொருத்தனுக்குத் தொடை பிடிச்சுக்கிச்சு. பெஞ்சுல உக்காந்திருக்கிறவன் எண்ணிக்கை உள்ள ஆடுறவனை விடக் கூடிப்போச்சு.

ஏன் இப்படின்னு டயர் கமிட்டியில தெனமும் சண்டை. ரிட்டையர் போஸ்ட்மேன் கோபால்சாமி இருக்காரு, அவரு சொல்லுவாரு, "எல்லாம் மேனேஜ்மெண்டு வே. தலை சரியில்ல." மெடிக்கல் ஸ்டோர் ஜேசுராஜ் சொல்லுவான், "அடிபட்டா தலை என்ன செய்யும், ரெஸ்டு குடுத்தா சரியாப்போகும்." "ரெஸ்டு குடுத்துக் குடுத்துத்தானடா இந்த லட்சணத்துல இருக்கு"ம்பாரு கோபால்சாமி. நான் ரெண்டுக்கும் நடுவுல. இல்ல, நடுவுல இல்ல. நானும் மேனேஜ்மெண்டைத்தான் சொல்லுவேன். நான்தான் கூடச் சொல்லுவேன்.

மேனேஜ்மெண்டுன்னா பெரிய கூட்டமெல்லாம் இல்ல. ஒத்தை ஆளு. அப்ப செயலாளரா இருந்த திருமாறன் சார். எங்க ஊரு பள்ளிக்கூடத்துல டிரில் வாத்தியாரா இருந்து ஓய்வானவரு. சின்ன வயசுல கோல் கீப்பரு, முன்பல்லு ரெண்டும் பந்துக்குக் குடுத்தவரு. கறுப்புச் சட்டைக்காரரு. சாமி கிடையாது, பூசை கிடையாது. சீசன் தொடங்குறப்ப மைதானத்துல ஒரு தேங்காய் உடைக்க விடமாட்டாரு. "தேங்காயை உடைக்காதீங்க, கொண்டாங்க, சட்னி அரைச்சுப் பயலுகளுக்குக் குடுப்போம்"பாரு. எனக்கு அது ஆகவே ஆகாது. அப்புறம் என்னென்னமோ செய்வாரு. ஆட்டத்துக்கு முன்ன அரை மணி நேரம் காலை நீட்டு, கையை மடக்குன்னு. மதுரையில இருந்து யாரோ ஒருத்தரைக் கூட்டியாந்து பயலுக காலை அமுக்கிப் பாக்கச் சொல்லுவாரு. அரையிறுதி மேட்ச்சுல நல்லா ஆடிக்கிட்டு இருந்த காளியைப் பாதியில வெளிய எடுத்துட்டாரு ஐயா! எங்க சென்டர் ஃபார்வர்டு! நாங்க வேலிக்கு வெளிய நின்னு தொண்டை கிழியக் கத்துனோம். தோத்துட்டோம். கேட்டா, "அவனுக்கு அடுத்த மாசம் ரயில்வே டீமு செலக்சன் இருக்கு. தொடை இறுகுது. இந்தக் கப்பு போனா அடுத்த வருஷம் வரும், அந்த வேலை போனா வராது"ன்னாரு. ஊருக் கப்பை விட ஒருத்தன் வேலை பெருசான்னு நான் கேட்டேன். கேட்டுட்டேன்.

பேச்சியம்மா தீப்பெட்டி ஆபீசுல வேலை பாக்காக. புருஷன் இல்ல. காளி அந்த ரயில்வே வேலைக்குத்தான் ஏழு வயசுல இருந்து ஸ்டிக்கைப் பிடிச்சிருக்கான். அதை நான் அப்ப நினைக்கல. மேட்ச்சு பாக்கையில யாரு ஐயா அதை நினைக்கா?

இப்படி அடிபட்டுக்கிட்டே இருக்கவும், நான்தான் ஒருநா டயர் கமிட்டியில சொன்னேன். இது மேனேஜ்மெண்டும் இல்ல, உடம்பும் இல்ல. கண்ணு. ஊரு கண்ணு. மூணு கப்பு ஜெயிச்சப்ப பஸ் ஸ்டாண்டுல அம்மாம் பெரிய ஃப்ளெக்ஸ் வச்சோம்ல, அன்னைக்குப் பட்டது. வச்சோம்னா, நான்தான் வச்சேன். டீமு படம் மேல, என் படம் கீழ ஓரத்துல சின்னதா. சின்னதுன்னா, காளி படத்தை விடக் கொஞ்சம் பெருசு. அது டிசைன் போட்ட பையன் தப்பு.

கோபால்சாமி உடனே, "ஆமாவே, அமாவாசையன்னைக்கு ஒரு பூசணிக்காய் உடைச்சிருவோம்"ன்னாரு. ஜேசுராஜ் வேதக்காரன், அவன் சொன்னான், "எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா உடைச்சா நல்லதுதான்." சரின்னு நானே போயி சார்கிட்டக் கேட்டேன். அவரு ஒரு பயலுக்குக் கணுக்கால்ல துணி சுத்திக்கிட்டு இருந்தாரு. தலையை நிமித்தவே இல்ல. "பூவலிங்கம், பூசணிக்காயை வாங்கி மோர்க்குழம்பு வைங்க. மைதானத்துல உடைக்காதீங்க, பயலுக ஓடுற இடம்"ன்னாரு. பயலுக முன்னாடி சொன்னாரு. பயலுக சிரிச்சானுக. எனக்கு முகமெல்லாம் எரிஞ்சது.

அதனால யாருக்கும் சொல்லாம அமாவாசையன்னைக்கு விடியுறதுக்கு முன்ன நான் மட்டும் போனேன். டீமு நல்லா இருக்கணும்னுதான் போனேன் ஐயா. சத்தியமா அதுக்குத்தான். காயை நல்லாத் தட்டிப் பாத்து வாங்கியிருந்தேன். மேல துளை போட்டுக் குங்குமத்தை உள்ள கொட்டி, காசு போட்டு, சூடம் ஏத்தி, மைதானத்தைப் பாத்து மூணு சுத்து சுத்தினேன். ஒவ்வொரு பயல் பேரா சொன்னேன். காளி பேரை ரெண்டு தடவை சொன்னேன். சொல்லிட்டு உடைச்சேன். ஓரமாத்தான் உடைச்சேன். மைதானத்துக்கு வெளிய, ஒரு ஓரமா.

உடைச்சிட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியும்ல? நேரா வீட்டுக்குப் போயி காலைக் கழுவுற வரைக்கும் யாருகிட்டயும் பேசவும் கூடாது. பாத்தா, பேசுனா, கழிச்சது அம்புட்டும் நம்மகூடவே வந்துரும். அதான் முறை. அந்த முறைப்படிதான் வந்தேன். காலிச் சாக்கைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வாரேன், எதுத்தாப்புல சைக்கிள் மணி. காளி. பயிற்சிக்கு வாரான். எப்பவும் அவன்தான் முதல்ல வருவான், மத்தவனுகளுக்கு முன்னாடி வந்து நாலு ரவுண்டு ஓடுவான். "என்ன அண்ணாச்சி, காலையிலேயே இந்தப் பக்கம்?"ன்னு கேட்டான்.

நான் பேசல.

பேசக் கூடாதுல்ல. அவன் பேரைச் சொல்லித்தான கழிச்சிருக்கேன், அவன்கிட்டயே பேசுனா அது அவன் மேலயே திரும்பிருமோன்னு ஒரு பயம். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடந்தேன். சைக்கிள் என்னைத் தாண்டிப் போச்சு. மணி இன்னொரு தடவை அடிச்சான். அப்புறம் ஒரு சத்தம் கேட்டுச்சு.

அப்பவும் நான் திரும்பிப் பாக்கல.

ஐயா, ஒரு சந்தேகம். அந்த இடத்துல நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? இல்ல, சும்மாதான் கேக்கேன். நாய் எதையாவது தட்டி விட்டிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். வீட்டுக்குப் போயி காலைக் கழுவிக்கிட்டு இருக்கையிலதான் தெருவுல பயலுக ஓடுதானுக, காளி விழுந்துட்டான், காளி விழுந்துட்டான்னு. சைக்கிளோட சறுக்கி, தோள்பட்டை போயி கேட்டுத் தூண்ல அடிச்சிருக்கு. நான் போறதுக்குள்ள ஆட்டோவுல ஏத்திட்டாக. தரையெல்லாம் பூசணிச் சதையும் விதையும் குங்குமமுமாக் கிடக்கு. "யாரு பார்த்த வேலை இது?"ன்னு கோபால்சாமி என் முகத்தைப் பாத்தாரு. நான் "யாரு பார்த்த வேலையோ"ன்னேன். எதிர் டீமுக்காரன் செய்வினை வச்சிட்டான்னு அவரே சொல்லிக்கிட்டாரு. அதுக்கப்புறம் அவரு கேக்கல. ஜேசுராஜும் கேக்கல. அவுக கேக்காம இருந்ததும் ஒரு வகையில எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

ஓரம்னு சொன்னேன்ல, கேட்டுக்கு ஓரம். கேட்டுக்கு வெளியன்னு சொல்ல முடியாது. கேட்டுப் பக்கம். அது அகலமான கேட்டு, ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும், ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். பூட்டிக்கிடக்கிற பக்கத்தையும் திறந்து வச்சிருக்கலாம்ல? அங்கன ஒரு லைட்டுப் போட்டிருக்கலாம்ல? போடலையே. யாரு குத்தம்? மேனேஜ்மெண்டு. காலையில எந்திரிச்சு அந்தக் கேட்டைக் கூட்டுறதுக்கு ஒரு ஆளு இல்ல. சரி, சாராவது அங்கன இருக்கணும்ல. செயலாளரு, பயிற்சி நேரத்துல ஊர்லயே இல்ல!

இதைத்தான் பொதுக்குழுவுல சொன்னேன். காளி விழுந்த அடுத்த வாரம் பொதுக்குழு. ஊரே திரண்டு வந்திருந்துச்சு. காளிக்கு ரயில்வே செலக்சனு போச்சுங்கிற கோவம் எல்லாருக்கும். பேச்சியம்மா முன்னால தரையில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தாக. எனக்கு மைக்கைக் குடுத்தாக. நான் பேசுறதா இல்லை ஐயா. கோபால்சாமிதான் கையில திணிச்சாரு. திணிச்சதும் பேசிட்டேன். "கூட்டாத கேட்டு, கவனிக்காத கிளப்பு, இதுக்கு ஒரு செயலாளரு தேவையா?"ன்னு கேட்டேன். கைதட்டல்னா கைதட்டல். நான் இன்னும் பேசுனேன். பேசப் பேச எனக்கே அது உண்மை மாதிரி இருந்துச்சு. சாரு எந்திரிச்சாரு. "பூசணிக்காயை உடைச்சவங்க கெட்ட எண்ணத்துல உடைச்சிருக்க மாட்டாங்க. அதை விடுங்க. மைதானத்துல எது நடந்தாலும் செயலாளர்தான் பொறுப்பு. நான் விலகிக்கிடுதேன்"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. அம்புட்டுத்தான். எதுத்து ரெண்டு வார்த்தை பேசியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

அடுத்த செயலாளர் யாருன்னு கேட்டாக. கோபால்சாமி என் பேரைச் சொன்னாரு. எல்லாரும் கையைத் தூக்குனாக. எத்தனை வருஷ ஆசை தெரியுமா ஐயா எனக்கு அது.

மறுநா சாரு என் கடைக்கு வந்து சாவியைக் குடுத்தாரு. கூடவே ஒரு வாரியல். ஈர்க்கு வாரியல், தேஞ்சு பாதியாப் போனது. "காலையில பயலுக வாரதுக்கு முன்ன கேட்டைக் கூட்டிருங்க பூவலிங்கம். ராத்திரி குடிக்கிறவனுக பாட்டிலை உடைச்சுப் போட்டிருவானுக. நான்தான் தெனமும் கூட்டிக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு அருளோட முட்டியைக் காட்டணும்னு மதுரைக்கு முதல் பஸ்ஸுல போயிட்டேன். ஒருநா விட்டது இப்படி ஆயிப்போச்சு"ன்னாரு. தன்னைத்தானே குத்தம் சொல்லிக்கிட்டாரு ஐயா. எதுத்த கடையில இத்தனை வருஷமா உக்காந்திருக்கேன், அந்தக் கேட்டைக் கூட்டுறது யாருன்னு எனக்குத் தெரியாது. நான் கடை திறக்கையில அது சுத்தமா இருக்கும். தானா இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

இப்ப நான் கூட்டுதேன். குனிஞ்சு கூட்டுறப்ப ஒரு விதை கிடைக்கும். எத்தனை தடவை கூட்டினாலும் மண்ணுக்குள்ள இருந்து ஒண்ணு கிளம்பி வரும். போன வாரம் ஒண்ணு முளைச்சே வந்துருச்சு, தூணுக்குப் பக்கத்துல. பிடுங்கிப் போட்டுட்டேன். டீமைக் கேக்கீங்களா? நான் வந்த பிறகும் தோத்துக்கிட்டுத்தான் இருக்கு. இப்ப என் கடை டயர்லயே உக்காந்துக்கிட்டு, "மேனேஜ்மெண்டு சரியில்ல வே"ங்காரு கோபால்சாமி. என் காதுல விழுற மாதிரித்தான் சொல்லுதாரு.

சரி, அதெல்லாம் போகட்டும். இப்ப உள்ளதுதான் பெரிய சங்கடம். ரெண்டு நாளைக்கு முன்ன சாரு மறுபடியும் கடைக்கு வந்தாரு. ரயில்வே கோச்சு அவருகூட அந்தக் காலத்துல ஒண்ணா ஆடுனவராம். காளி ஆட்டத்தைப் பாத்திருக்காராம். "ஒரு இடத்தை நிறுத்தி வச்சிருக்கேன், எலும்பு கூடினதும் பையனை ஓட விட்டுப் பாக்கேன். ஆனா சனிக்கிழமைக்குள்ள நீ நேர்ல கூட்டிக்கிட்டு வந்து காட்டணும்"னு சொல்லியிருக்காரு. இன்னைக்கு வியாழன். சாரு என்கிட்ட, "பேச்சியம்மா என் முகத்துல முழிக்க மாட்டாங்க. நீங்க செயலாளரு, நீங்க சொன்னாக் கேப்பாங்க. அவனை என்கூட அனுப்பச் சொல்லுங்க"ன்னாரு.

சொன்னேன் ஐயா. சொல்லாம இல்ல. நேத்தே போயிச் சொன்னேன். அந்தம்மா என்ன கேட்டாக தெரியுமா? "ஏன் அண்ணாச்சி, கூட்டாத கேட்டுன்னு நீங்கதான மைக்குல சொன்னீக? எம்பிள்ளை எலும்பை முறிச்ச ஆளு பின்னால அவனை அனுப்பச் சொல்லுதீகளே, நீங்களே இப்படிச் சொல்லலாமா? அந்த ஆளு வாங்கிக் குடுக்கிற வேலை எங்களுக்கு வேண்டாம். நான் தீப்பெட்டி ஒட்டிக் கஞ்சி ஊத்துவேன்." இதுக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கு. அதைச் சொன்னா அந்தம்மா நாளைக்கே அனுப்பிருவாக. நான் வாயைத் திறந்தேன். "தண்ணி குடு தாயி"ன்னு கேட்டு வாங்கிக் குடிச்சிட்டு வந்துட்டேன்.

காளிப் பயல் சொன்னான், "அம்மா, சாரு மேல தப்பு இல்லம்மா"ன்னு. "நீ சும்மா கிடடா, உனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு அவனை அடக்கிட்டாக. பொதுக்குழுவுக்கு முந்தியும் அவன் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தானாம். அவனுக்கு ஏன் சாரு மேல அம்புட்டுப் பாசம்னு எனக்குப் புரியல. வாத்தியாருங்கிற மரியாதையா இருக்கும். அன்னைக்குக் காலையில என்னைப் பாத்தது அவனுக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ. இருட்டுல்ல. அதுக்கப்புறம் விழுந்த விழுகையில மறந்திருப்பான். ஞாபகம் இருந்தா கேட்டிருப்பான்ல? கேக்கல. என்னைப் பாத்தா எப்பவும்போல "வாங்க அண்ணாச்சி"ங்கான். அவன் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் நான் குனிஞ்சு டயரைப் பாக்க ஆரம்பிச்சிருதேன்.

இந்தப் பூசணிக்காயா? இது நான் வாங்கினது இல்ல. பேச்சியம்மா வாங்கினது. காலையில பஸ் ஏறும்போது கையில குடுத்தாக. "கட்டுப் பிரிச்சதும் எம்பிள்ளைக்கு ஒரு திருஷ்டி கழிக்கணும் அண்ணாச்சி. விழுந்த இடத்துலயே உடைக்கணும்னு பூசாரி சொல்லிட்டாரு. அந்தக் கறுப்புச் சட்டை இருந்த வரைக்கும் விடல. இப்பத்தான் நீங்க இருக்கீகள்ல, உங்க கையால நாளைக்குக் காலையில உடைச்சிருங்க. ராசியான கை"ன்னாக. ராசியான கைன்னு சொன்னாக ஐயா. கண்ணு கலங்கச் சொன்னாக.

இதை மடியில வச்சுக்கிட்டே வந்தேன் பஸ்ஸுல. கனம் தாங்கல. இறங்கும்போது சீட்டுலயே விட்டுட்டு இறங்கினேன், கண்டக்டரு கூப்பிட்டுக் குடுத்துட்டாரு. உங்க வீட்டுல பூசணிக்காய் கூட்டு வைப்பாகளா? எடுத்துட்டுப் போறீங்களா? நல்ல முத்தின காய். இல்ல, நீங்க காலை வச்சுக்கிட்டு இதை எப்படித் தூக்குவீங்க. நான் ஒரு மடையன். சரி, இந்தப் பெஞ்சுக்கு அடியில தள்ளி விட்டிருதேன். மறந்துட்டேன்னு சொல்லிக்கிடலாம். மறதி எல்லாருக்கும் வாரதுதான.

அந்தா, வந்துட்டாக. என்ன பேச்சியம்மா, பிரிச்சாச்சா? கூடிருச்சா எலும்பு? நல்லாக் கூடிருச்சுங்காரா? நல்ல சேதி. ரெண்டு வாரத்துல ஸ்டிக்கைப் பிடிக்கலாமா? ரொம்ப நல்ல சேதி தாயி. உண்மையிலேயே. எனக்குக் கண்ணுல தூசி, ஒண்ணுமில்ல. கையை மெதுவா ஆட்டுடா காளி, அவசரப்படாத. பஸ்ஸுக்கு நேரமாச்சா? வாங்க, போவோம். இல்ல, எதையும் விட்டுட்டு வரல. எல்லாம் எடுத்தாச்சு. போகலாம்.

ஏய் காளி, என்னடா குனியுத? வேண்டாம். அது கிடக்கட்டும். இல்லடா, மறக்கல. ஒத்தைக் கையால எதுக்குத் தூக்குத, இப்பத்தான கட்டுப் பிரிச்சிருக்கு. குடு இங்க. நான் தூக்கிக்கிடுதேன்.

என்னது?

என்ன சொன்ன?

ஐயா, கேட்டீங்களா? உங்களுக்குக் கேட்டுச்சா அவன் சொன்னது? மெதுவாத்தான் சொன்னான், அவுக அம்மா காதுல விழாம. "இந்தத் தடவை உடைச்சிட்டு ஓரமா ஒதுக்கி விட்டுருங்க அண்ணாச்சி"ன்னு சொல்லுதான். இந்தத் தடவைன்னு சொல்லுதான். இத்தனை நாளும் தெரிஞ்சுக்கிட்டே "வாங்க அண்ணாச்சி"ன்னு கூப்பிட்டிருக்கான். வேலையே போனாலும் என்னைக் காட்டிக் குடுக்கல இந்தப் பயல். சிரிக்க வேற செய்யுதான். பூசணிக்காயைத் தூக்கிக்கிட்டு முன்னால நடக்கான் பாருங்க, தரையெல்லாம் வைத்தியரு எண்ணெய், வழுக்குது…

காளி! நில்லு! அப்படியே நில்லு, காலை எடுத்து வைக்காத. நான் வாரேன். அதைக் குடு என்கிட்ட. குடுறா. இந்தப் பெஞ்சுல வந்து உக்காரு, அம்மாவையும் உக்காரச் சொல்லு. பேச்சியம்மா, பஸ்ஸு போனா போகட்டும், அடுத்தது வரும். உக்காரு தாயி. சாருகூட நாளைக்கே காளியை நீ அனுப்பணும். ஏன்னு கேட்டேல்ல நேத்து? சொல்லுதேன். அந்தக் கேட்டு…

ஐயா, நீங்க எந்திரிச்சுப் போயிராதீங்க. கம்பவுண்டர் கூப்பிட்டா ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கிடச் சொல்லுங்க. நான் சொல்ல ஆரம்பிச்சா என்னையறியாம கேட்டுக்கு ஓரம்னுதான் வாயில வரும். வந்துச்சுன்னா, நடுவுலன்னு நீங்க சொல்லிருங்க.